பதினைந்து நாள் கடை

ஆடி மாதத்தில் கடை திறக்கக் கூடாது என்று வெங்கடசுப்பிரமணியன் சொன்னபோது, அந்தக் கடைக்குக் கதவும் இல்லை, கல்லாவும் இல்லை, அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கடை என்று மருமகள் பிருந்தா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

“கடைன்னு பேர் வச்சிட்டீல்ல? அப்ப அது கடைதான். ஆவணி பொறக்கட்டும்.”

வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிர மொழி. நமக்காக அதை மதுரைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மொழியில் சொன்னாலும் அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

குடும்பத்துக்குத் தொழில் சாமி வஸ்திரம். அம்மனுக்குப் பாவாடை, பெருமாளுக்குப் பஞ்சகச்சம், வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் கட்டும் சேலை, ஜடை, மாலை எல்லாம் சேர்ந்த செட். மேலக் கோபுரத்துப் பக்கம் ஒரு சந்தில் இருபத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தார்கள். அந்த வருடம் சித்திரையில் கட்டிடத்துச் சொந்தக்காரர் லாட்ஜ் கட்டப்போவதாகச் சொல்லி இடித்துவிட்டார். கடை போனதும் வாடிக்கையும் போனது. இப்போது கோச்சடை வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, பிருந்தாவின் கணவன் கிரிதரன் வராத ஆளுக்காகத் தைத்துக்கொண்டிருந்தான்.

எத்தனை நாள் அப்படித் தைக்க முடியும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பேச்சிமுத்து என்பவர், “ஆகஸ்டு எட்டாந்தேதி வந்து சேந்துரு தம்பி, ஷிப்ட் மிஷின் ஒண்ணு காலியா இருக்கு” என்று போன் செய்திருந்தார். கிரிதரன் சரி என்று சொல்லிவிட்டான். நோன்பு வியாபாரம் பிடித்தால் போகவேண்டாம், பிடிக்காவிட்டால் போகவேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாயிற்று. கல்யாணமாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அவன் திருப்பூரிலும் தான் கோச்சடையிலும் இருப்பதைப் பிருந்தாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அழகுபாண்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைக் காட்டினான். பேரும் போட்டோவும் விலையும் ஏற்றினால் போதும், அவர்களே கடை மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

“பதினஞ்சு நாள் ஃப்ரீ அக்கா. பிடிச்சா மட்டும் அப்பறம் கிரெடிட் கார்டுல பணம் கட்டணும்.”

கிரெடிட் கார்டு அவர்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே யாரிடமும் கிடையாது. ஆனாலும் பதினைந்து நாள் போதும் என்று பிருந்தா கணக்குப் போட்டாள். ஜூலை இருபத்து நான்காம் தேதி வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்குப் பெயரைப் பதிந்தாள். அழகுபாண்டியின் கேமராவை இரவல் வாங்கி, கலசத்துக்குச் சேலை கட்டி, இருபது செட்டைப் படம் எடுத்து ஏற்றினாள். முன்பணம் வேண்டாம், வி.பி.பி. தபாலில் அனுப்புவோம், பார்சலைக் கையில் வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும் என்று எழுதிப் போட்டாள். ‘கடையைத் திற’ என்ற பொத்தானை அமுக்குவது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் மாமனார் குறுக்கே நின்றார்.

அந்த வருடம் வரலட்சுமி நோன்பு ஆடி முப்பத்தொன்றாம் தேதி, ஆகஸ்டு பதினைந்து வெள்ளிக்கிழமை. ஆவணியில் கடை திறந்தால் அடுத்த வருடத்து நோன்புக்குத்தான் விற்கலாம். பிருந்தா சொன்னாள், கெஞ்சினாள், இரண்டு நாள் மாமனாரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் மாமியார் சாரதாம்பாள்தான் வழி கண்டுபிடித்தாள். ஆடி பதினெட்டு நல்ல நாள்தானே, பெருக்கன்று தொடங்கினால் குற்றமில்லையே என்றாள். மாமனார் காலண்டரைப் பார்த்தார், நேரம் குறித்தார், ஒப்புக்கொண்டார்.

பதிந்த நாளிலிருந்து பெருக்குவரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை. ஏன் என்றால், அவர்களுடைய பழைய கட்டிடக்காரர் அலமாரி அடித்த நாட்களுக்கு வாடகை வாங்கவில்லை; பூஜை போட்டு ஷட்டரை ஏற்றிய நாளிலிருந்துதான் வாங்கினார். திறக்காத கடைக்குக் கணக்கு ஓடும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பிருந்தா கம்ப்யூட்டர் படித்தவள், அவளுக்கும் தோன்றவில்லை.

பெருக்கன்று பத்தே முக்காலுக்கு வெங்கடசுப்பிரமணியன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு வந்தார். கீபோர்டுக்குக் குங்குமம் வைத்தார். தேங்காயை வாசலில் உடைத்தார். கற்பூரத்தை மானிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அழகுபாண்டிக்கு உயிரே போய்விட்டது.

“அய்யா, கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கய்யா, வயரு கெடக்கு.”

மவுசைப் பிடித்துப் பெரியவரே பொத்தானை அமுக்கினார். கடை திறந்தது. திறந்த கையோடு பக்கத்தின் மேலே ஒரு வரி வந்து நின்றது. இலவசக் காலம் முடிய இன்னும் ஆறு நாள்.

பிருந்தா அதை மூன்று தரம் படித்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள். மாமனார் அழகுபாண்டியைப் பார்த்தார்.

“தெறக்காத கடைக்கு எவனாவது நாள் எண்ணுவானா?”

“பேரு பதிஞ்ச நிமிஷத்துல இருந்து எண்ணுவாய்ங்கய்யா. எட்டாந்தேதி பதினொண்ணு பத்துக்கு எல்லாத்தையும் பூட்டிருவாய்ங்க. வந்த ஆர்டரக்கூட அதுக்கப்பறம் பாக்க முடியாது.”

பெரியவர் உடைத்த தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பிருந்தாவுக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் மருமகள்களுக்கு மட்டும்தான் புரியும்.

முதல் மூன்று நாள் ஓர் ஆர்டரும் இல்லை. புதன்கிழமை வரைக்கும் ஒன்பது வந்தது. ஒன்பது செட்டுக்காக ஒருவன் வீட்டில் இருக்க முடியுமா? வியாழக்கிழமை முழுக்க அவள் சென்டர் பக்கம் போகவில்லை. கிரிதரனின் துணிகளை மடித்து வைப்பதிலேயே பொழுது போனது. மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டதால், பதினொன்றரை மணி பஸ்ஸுக்குக் கிரிதரன் பத்து மணிக்கே கிளம்பினான். செல்போனை அவள் கையில் கொடுத்தான்.

“நீ வச்சுக்க. நான் அங்க போயி வேற ஒண்ணு வாங்கிக்கிறேன். சேந்ததும் பேசுறேன்.”

“சாப்பிட்டுப் போங்க.”

“சாப்பிட்டேனே.”

சாப்பிட்டதை அவள்தான் பரிமாறினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது. ஆட்டோ திரும்பியதும் அவளால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. மூடப்போகிற கடையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று சென்டருக்கு நடந்தாள்.

கடைக்குள் எழுபத்தொரு புதிய ஆர்டர் இருந்தது.

அவள் நம்பவில்லை. பக்கத்தை மறுபடி வரவழைத்தாள். எழுபத்தொன்றேதான். ஒருத்தி கீழே குறிப்பும் எழுதியிருந்தாள்: பெங்களூரில் செட்டுக்குச் சொல்லிவைத்த அம்மா எங்கள் பெண்கள் மெயில் குழுவில் உங்கள் கடைப் படத்தைப் போட்டிருந்தார்கள், நோன்புக்கு முன்னால் கண்டிப்பாக வந்துவிடுமா? மணி அப்போது பத்து பதினைந்து.

“தம்பி, பிரிண்ட் எடுங்க.”

“பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருக்கேக்கா.”

வீட்டுக்குப் போன் அடித்தாள். மாமனாரை நோட்டும் பேனாவுமாக உடனே அனுப்பச் சொன்னாள். பிறகு அழகுபாண்டி கிழித்துக் கொடுத்த தாளில் தானே எழுத ஆரம்பித்தாள். பட்டியலில் பேர் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு பேரையும் அமுக்கி, அது மெதுவாகத் திறந்த பிறகுதான் விலாசமும் கலசத்தின் அளவும் தெரியும். எட்டாவது விலாசத்தை எழுதும்போது மாமனார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பன்னிரண்டாவதை எழுதும்போது மின்விசிறி நின்றது. அந்த வாரம் கோச்சடைக்குக் கரண்ட் கட் பத்தரைக்கு. ராகு காலமும் கரண்ட் கட்டும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒன்றாக வந்தன.

“யு.பி.எஸ். தாங்கும்கா,” என்றான் அழகுபாண்டி. “ஆனா பதினஞ்சு நிமிஷந்தான். இந்த மிஷின் படுத்தா அடுத்ததுக்கு மாத்தித் தாரேன். மூணு மிஷினுக்கும் தனித்தனி யு.பி.எஸ். இருக்கு.”

மாமனார் அப்போதுதான் திரையைப் புரிந்துகொண்டார். “இம்புட்டும் நமக்கு வந்ததா?”

“ஆமா மாமா.”

“அப்ப நான் போயி கிரியக் கூட்டிட்டு வாரேன்.”

பிருந்தாவின் மனசும் அதையேதான் சொன்னது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் விலாசம் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அழகுபாண்டிக்கு மிஷின்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது; அவள் ஒருத்தியே படித்து எழுதினால் பாதிக்கு மேல் தேறாது.

“நீங்க உக்காந்து எழுதுங்க மாமா. அட்ரஸ் இல்லாம அவரு வந்து யாருக்குத் தைப்பாரு?”

மாமனாரிடம் அவள் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. சுவரில் மணி பத்து முப்பத்திரண்டு. ராகு காலத்தில் அவர் ஒரு போஸ்ட் கார்டுகூட எழுதமாட்டார். ஊரிலிருந்து சாவு தந்தி வந்தபோதுகூடப் பதில் எழுதப் பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருந்த ஆள். கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“சொல்லு.”

அவள் வாசித்தாள். ஜெயநகர், மல்லேஸ்வரம், செகந்திராபாத், மாம்பலம், மாட்டுங்கா. எட்டு அங்குலம், ஆறு அங்குலம், பச்சைக் கரை, மஞ்சள் உடம்பு. பெரியவர் எழுத்து குண்டு குண்டாக நிதானமாக வந்தது. வேகமாக எழுதுங்கள் மாமா என்றாள். அவசரத்தில் பின்கோடை விட்டார். பின்கோடு போடுங்கள் மாமா என்றாள். வியர்வை அவர் மூக்கிலிருந்து நோட்டில் சொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

முதல் மிஷின் பத்து நாற்பத்து மூன்றுக்குப் படுத்தது. அடுத்ததில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு தரம் தப்பாகப் போயிற்று. மூன்றாவது தரம் ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லி அடித்தாள். திறந்தது. முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. இரண்டாவது மிஷின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. மூன்றாவதுக்கு ஓடினாள். மாமனாரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

“அறுபத்து மூணு,” என்றாள். பேரை அமுக்கினாள், விலாசத்தை வாசித்தாள். அறுபத்து நான்காவதை அமுக்கினாள். விலாசத்துக்குப் பதிலாக வெள்ளைப் பக்கம் வந்தது. இலவசக் காலம் முடிந்துவிட்டது, கார்டு எண்ணைக் கொடுத்தால் தொடரலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தது. மணி சரியாகப் பதினொன்று பத்து.

எட்டு வீட்டு விலாசம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அந்த எட்டுப் பேரும் நோன்புவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று அவளுக்கு வேதனையாக இருந்தது. ஆனால் வேதனைப்பட நேரமில்லை. அழகுபாண்டி வாசலில் ஓர் ஆட்டோவை மறித்து நிறுத்தியிருந்தான்.

ஆரப்பாளையம் போகும் வழியில் மாமனார் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே திருப்பிக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய்ச் சத்தம் போட்டார். பிருந்தா கையிலிருந்த செல்போனில் மணியைப் பார்த்தாள், பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பதினொன்று இருபத்தாறு. அந்தப் போன் அவனிடம் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது திருப்பூர் பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயது வெங்கடசுப்பிரமணியன், நடுரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டுகிறவனைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார். பிருந்தா படியேறுவதற்குள் மாமனார் மகனிடம் போய்விட்டார். மூன்றாவது சீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு கிரிதரன் உட்கார்ந்திருந்தான்.

“கிரி, எறங்கு.”

“என்னப்பா, அம்மாவுக்கு எதுவும்...?”

“அம்மா நல்லாருக்கா. ஆர்டர் வந்திருக்கு.” நோட்டை அவன் மடியில் போட்டார். “அறுபத்து மூணு வீடு. முன்ன அனுப்புனது போகக் கைவசம் பதினொண்ணுதான் இருக்கு.”

கிரிதரன் பக்கங்களைப் புரட்டினான். தகப்பனாரின் குண்டு எழுத்து, அடித்தல் திருத்தலோடு, வியர்வையில் ஊறியிருந்தது. நிமிர்ந்து பிருந்தாவைப் பார்த்தான். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

“இன்னைக்கு வாரேன்னு திருப்பூருல வாக்குக் குடுத்துட்டேனேப்பா.”

“பெரியவரே, ஏறுறீங்களா, எறங்குறீங்களா?” என்றார் கண்டக்டர்.

மாமனார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் பிள்ளையிடம் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு அறியாத மனிதர், சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார்.

“ஒம்போது நாள நாந்தான்டா வீணாக்குனேன். அவ சொல்லச் சொல்லக் கேக்கல. வாக்கு தவறுனதுக்கு அந்தப் பேச்சிமுத்துட்ட நான் போன்ல மன்னிப்புக் கேட்டுக்கிறேன். தபால்ல போற நாளு போக மிச்சம் நாலு நாளு கெடக்கு. வந்து தச்சுக் குடுடா.”

கிரிதரன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோட்டைப் பத்திரமாகக் கையில் பிடித்தபடி, தகப்பனாருக்குப் பின்னால் இறங்கினான். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் பிருந்தாவுக்கு அழுகை வந்தது.