ஆதவன் சார் இருக்காங்களா?

அப்பாதுரை போனை என் மேசை மேல் வைத்த வேகத்தில் கைரேகை மெஷின் குலுங்கியது.

“உன் மெஷின் துட்டைத் திங்குதும்மா. மூணாந்தேதி உன்கிட்டதான முழுசா கட்டினேன்? அக்கவுண்டுல பணம் பத்தலன்னு மெசேஜ் வந்திருக்குது. இது இன்னா நியாயம்?”

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் பிரசாத்தின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதில் ஒரு மூலைக்கு நான் வாடகை கொடுக்கிறேன். பேங்க்குக்குப் போய் வரிசையில் நிற்க முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். விரலை வைத்தாலோ கார்டைச் செருகினாலோ பணம் தருவேன். பணம் கொடுத்தால் கணக்கில் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் பேங்க் எனக்குக் கமிஷன் தருகிறது. கமிஷன் என்றதும் மாடி வீட்டைக் கற்பனை செய்ய வேண்டாம், டீ வடைச் செலவுக்குத் தாங்கும். ஊர் எனக்கு வைத்திருக்கும் பெயர் பேங்க் அக்கா. அதனால் மேனேஜரைத் திட்டப் பயப்படுகிறவர்கள் எல்லாம் இங்கே வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொள்வேன். ஆளைப் பார்த்துத் திருப்பியும் கொடுப்பேன்.

அப்பாதுரைக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பயிர் போட்டுக்கொண்டிருந்த மனிதர். கிணறு கைவிட்ட பிறகு செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாக இருக்கிறார். வெள்ளைக்காரர்களுக்குக் கேட் திறந்து திறந்து வணக்கம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது, எனக்கும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேசுவார். மாதாமாதம் மூன்றாம் தேதி வந்து, மகன் ஆதவனின் கணக்கில் பைக் தவணையைப் போடச் சொல்வார். ஐந்தாம் தேதி பைனான்ஸ் கம்பெனி அந்தக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். இந்தக் காலத்துப் பையன், ஸ்ரீபெரும்புதூரில் ஏதாவது கம்பெனியில் இருப்பான், தவணையை அப்பன் தலையில் கட்டிவிட்டு ஊர் சுற்றுவான் என்று நானாக முடிவு செய்து, அவனை மனதுக்குள் நன்றாக வைதிருக்கிறேன்.

நாலாம் தேதி வருகிறவள் அவர் மனைவி சரோஜா. மகனுடைய கார்டை நீட்டி அதே கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுப்பாள். நாலைந்து நாள் கழித்து அதையே கொஞ்சம் கூடுதலாகத் திரும்பப் போடுவாள். புருஷனுக்குத் தெரியாமல் ஏதோ கைமாற்று என்று நினைத்துக்கொண்டேன். குடும்பம் நடத்துகிறவளுக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும், நான் ஏன் கேட்கப் போகிறேன்? போட்டாலும் எனக்குக் கமிஷன், எடுத்தாலும் கமிஷன்.

இப்போது அவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியும், சொன்னால் சரோஜாவைக் காட்டிக்கொடுத்தது போலாகும்.

“தவணைக்கு ஒரு ரூபா கம்மியா இருந்தாலும் பேங்க்ல திருப்பி அனுப்பிடுவாங்கண்ணா. அதுக்கு அவங்க ஒரு தண்டம் புடிப்பாங்க. பைனான்ஸ்காரன் தனியா ஒண்ணு போடுவான்” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

“காசு இல்லாததுக்குக் காசு புடிக்கிறானா?”

இத்தனை வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கேள்விக்கு மட்டும் பேங்க் எனக்கு எந்தப் பதிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பதைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருக்கிறார்கள் போல. கணக்கில் காசே இல்லையென்றால் தண்டத்தை எழுதிவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அடுத்து எந்தப் பணம் வந்தாலும் முதல் பிடி அவர்களுடையது.

“அது சரி, கம்மி எப்பிடி ஆச்சு? இந்த மாசம் மட்டும் இல்லம்மா. கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் பையன்கிட்ட படிக்கச் சொன்னேன், மாசாமாசம் இதே மெசேஜ்தான் வந்திருக்குதுன்றான்.”

தப்பித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்ததாக நினைத்து, “ஆதவனையே ஒரு நாள் லீவு போட்டு வந்து பேங்க்ல கேக்கச் சொல்லுங்களேன்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் அப்படியே வடிந்துபோயிற்று.

“அவன் தை மாசமே போயிட்டான்மா. காய்ச்சல்னு படுத்தவன் எழுந்திருக்கல.”

இத்தனை நாள் அவனை வைத வசவெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

“செத்தவன் பேர்ல பாக்கி நிக்கக் கூடாதும்மா. ஆதவன் கடன் வெச்சிட்டுப் போனான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது. அதான் பேங்க்ல சொல்லாம, நானே கட்டி முடிச்சிடலாம்னு இருந்தேன். பாரு, கடன்காரனாக்கிட்டானுங்க. போதும். இன்னிக்கே ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன். கணக்கை மூடட்டும், வண்டிய வேணும்னா தூக்கிட்டுப் போவட்டும். இன்னிக்கு ஆள் கூப்பிடுவாங்கன்னு மெசேஜ்ல போட்டிருக்கானாம். கூப்பிடட்டும், அவன்கிட்டயும் சொல்றேன்.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துப் பிரசாத்திடம் கொடுத்தார். பிரசாத் கண்ணாடிமேல் அதை வைத்து மூடவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. “வந்துடும், டீ குடிச்சிட்டு வாங்க” என்றான். அப்பாதுரை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார்.

அவர் அந்தப் பக்கம் போனதும், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள் சரோஜா. ரமணாசிரமத்துப் பக்கம் ஓர் ஓட்டலில் சப்பாத்தி தேய்க்கிற வேலை. முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது.

“அவரு வந்தாரா? புள்ள போனு அவருகிட்டயா இருக்குது? யாராவது கூப்பிட்டாங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“இல்லாத புள்ளையோட கார்டையாக்கா என்கிட்ட நீட்டிட்டிருந்தே? மேல தெரிஞ்சா மெஷினைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் நான் மண்ணைத்தான் திங்கணும். ஐந்நூறுதான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?”

“துட்டுக்கு இல்ல கஸ்தூரி.”

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழங்கையில் ஒட்டிய மாவை நகத்தால் உரித்துக்கொண்டே பேசினாள்.

“கருமாதி முடிஞ்ச கையோட ஒரு போன் வந்துது. தவணை கட்டலன்னு. யாரோ பொண்ணு. பேரு தேவிப்ரியாவாம். ஆதவன் சார் இருக்காங்களான்னு கேட்டா. அழுது அழுது காது அடைச்சிப்போயிருந்த நேரம். இருக்காங்களான்னு கேக்கறாளே! வெளிய போயிருக்கான்மானு வாய் தன்னால சொல்லிடுச்சு. சரிம்மா, வந்ததும் சொல்லுங்கன்னு வெச்சிட்டா. அன்னிக்குத்தான் நான் ஒரு வாய் சோறு தின்னேன்.”

தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினேன்.

“வீட்டுல யாரும் அவன் பேரை எடுக்கறதில்ல. இவரும் எடுக்க மாட்டாரு. சொந்தக்காரங்க வந்தா அந்தப் புள்ள, அந்தப் புள்ளன்றாங்க. பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போனோம். ஐயரு பேரு, நட்சத்திரம் கேட்டாரு. பழக்கத்துல ஆதவன், அவிட்டம்னு சொல்லிட்டேன். இவரு கையப் புடிச்சி இழுத்துட்டாரு. இல்லாதவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணக் கூடாதாமே. சாமிகிட்டயே அவன் பேரைச் சொல்லக் கூடாதுன்னா நான் வேற யாருகிட்ட போயி சொல்றது? அந்தப் பொண்ணு ஒருத்திதான் மாசத்துக்கு ஒரு தபா அவனைக் கேக்கறா. துட்டு சரியா இருந்துட்டா அவ எதுக்குக் கூப்பிடப் போறா, சொல்லு?”

ஐந்நூறை எடுத்துக் கணக்கைக் குறைத்துவிடுவாள். தவணை திரும்பிப் போகும். மறுநாள் போன் வரும். பிறகு அந்த ஐந்நூறோடு, பேங்க் போட்ட தண்டத்தையும் பைனான்ஸ் போட்ட தண்டத்தையும் தன் கூலியிலிருந்து சேர்த்துக் கட்டுவாள். கம்பெனி இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு சில்லறைக் காசுதான். மகன் பெயரை ஒரு முறை காதால் கேட்க இவள் எத்தனை நாள் சப்பாத்தி தேய்த்தாளோ, கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு ரூபாயும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது.

“கடன் ஒரு நாள் முடிஞ்சிடுமேக்கா” என்றேன்.

“அது வரைக்கும் கூப்பிடுவா இல்ல? ஆனா இன்னிக்கு இவரு எடுத்தா சொல்லிடுவாரு. ஒரு தபா சொல்லிட்டா அவ்ளோதான். அவளும் கேக்க மாட்டா.”

கரண்ட் வந்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. வாசலில் அப்பாதுரை நின்றிருந்தார். மனைவியைப் பார்த்தார், மாவு ஒட்டிய கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதுவும் கேட்பதற்கு முன் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

ஏதோ குத்துப்பாட்டு. ஆதவன் வைத்தது. முழுப் பாட்டும் அடித்து ஓய்கிற வரைக்கும் மூன்று பேரும் அசையவில்லை. பிரசாத் மட்டும் விஷயம் தெரியாமல் ஜெராக்ஸ் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அத என்கிட்ட குடுங்க” என்றாள் சரோஜா.

“எதுக்கு?”

“நான்தாங்க மாசாமாசம் துட்டை எடுத்தேன். இந்த போனு வரட்டும்னுதான் எடுத்தேன். அந்தப் பொண்ணு நம்ம புள்ளையக் கேப்பா. பேரு சொல்லிக் கேப்பா. குடுங்க.”

அப்பாதுரைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் கன்னம் துடித்தது. அடித்துவிடப் போகிறார் என்று நான் பாதி எழுந்தேவிட்டேன். போன் மறுபடி அடித்தது. எடுத்தார். காதில் வைக்கிற ஸ்பீக்கர் கெட்டுப்போன போன், வெளி ஸ்பீக்கரில் பேசுவது கடை முழுக்கக் கேட்டது.

“வணக்கம்ங்க, தேவிப்ரியா பேசறேன். ஆதவன் சார் இருக்காங்களா?”

சின்னப் பெண் குரல். பின்னால் இன்னும் நிறையக் குரல்கள், அத்தனை பேரும் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாதுரை வாயைத் திறந்தார். இன்னும் சூடு ஆறாத சான்றிதழ் ஜெராக்ஸ்களைப் பிரசாத் கொண்டுவந்து அவர் கையில் திணித்தான். அதில் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருந்தது. சரோஜா புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அடி விழப்போகிறவள் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஹலோ? ஆதவன் சாருங்களா?”

“அவங்கப்பாம்மா” என்றார். குரல் பிசிறியது. இருமிச் சரிசெய்துகொண்டார். “அவன்... ஆதவன் வெளிய போயிருக்கான்மா.”

“எப்ப சார் வருவாங்க?”

போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வழி கேட்கிறவர் மாதிரி மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிர்ந்தது.

“சாயங்காலம்னு சொல்லுங்க” என்றாள் மெதுவாக.

“சாயங்காலம் வந்துடுவான்மா.”

“வந்ததும் மறக்காம சொல்லிடுங்க சார். தேங்க்யூ சார்.”

இணைப்பு போன பிறகும் போனைப் பிடித்தபடியே நின்றார். ஜெராக்ஸுக்கான காசைப் பிரசாத் கேட்டான், கொடுத்தார். அந்தத் தாள்களை நாலாக மடித்து, இன்னும் மடித்து, பையில் சொருகிக்கொண்டார். பேங்க் இருக்கிற பக்கம் போகவில்லை. இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். ஆட்டோவில் அவள் ஏறும்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டதைப் பார்த்தேன்.

அந்த ஐந்நூறையும் தண்டத்தையும் இந்த முறை யார் கொண்டுவருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் கொண்டுவந்தார். எண்ணிப் போட்டுவிட்டுப் போனார். இனி நாலாம் தேதி சரோஜா கார்டோடு வந்தால் முடியாது என்று சொல்ல வேண்டுமே என்று எனக்கு ஒரு மாதம் முழுக்க உதைப்பாகவே இருந்தது.

அடுத்த மூன்றாம் தேதி அப்பாதுரை வழக்கம்போலக் கும்பிடு போட்டார். பணத்தை எண்ணினார். எண்ணி முடித்து, அதிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை உருவித் தன் பையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.

“நூறு கம்மியா போடும்மா.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துட்டு இல்லாம இல்ல. தண்டத்தோட சேத்து அப்புறமா போட்டுக்கறேன்.”

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் குறையவிடாதீர்கள் என்று பாட்டாகப் பாடுகிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தொகையை அடித்தேன். சீட்டு வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மகனுடைய போனை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“சார்ஜு நிக்க மாட்டேங்குதும்மா. கொஞ்ச நேரம் போட்டு வையேன்.”

சொருகினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஆறாந்தேதி லீவு சொல்லிட்டேன்” என்றார். “வீட்டுலதான் இருப்பேன்.”

வெளியே மனு கொடுக்க வந்த கூட்டம் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. விரிசல் விட்ட திரையில் பேட்டரிப் படம் மெல்ல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.