பெரியவரின் பெயர்

"பிள்ளையோட பேரு என்னம்மா?" என்று நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

புருலாய் தலைக்குட்டையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளுடைய ஏழு மாதப் பிள்ளை கட்டிலில் கண் செருகிக் கிடந்தான். இரண்டு நாளாக ஓயாத வாந்தியும் வயிற்றுப்போக்கும். அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. பக்கத்தில் நின்ற மாமியார் காலிபாவும் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் எங்களை இறக்கிவிட்டு வண்டியோடு போயிருக்கிறார், வந்து சொல்லுவார் என்று மட்டும் முனகினாள். நர்ஸ் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கையில் சலைன் குழாயைச் செருகிவிட்டு, சீட்டில் 'ஆறாம் கட்டில்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

நரின் என்கிற அந்த மலைப்பக்கத்தில் மருமகளாய் வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை உச்சரிக்கக் கூடாது. பேரன் பிறந்ததும் புருலாயின் மாமனார் தன் செத்துப்போன அப்பாவின் பெயரை அவனுக்குச் சூட்டி ஒரு ஆட்டை வெட்டினார். அத்தோடு அந்த வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அவனைக் கூப்பிடப் பெயர் இல்லாமல் போயிற்று. காலிபாவுக்கு அது மாமனார் பெயர், புருலாய்க்குப் புருஷனின் தாத்தா பெயர். பால்குடிக்கிற பிள்ளையைப் 'பெரியவர்' என்றே அழைத்தார்கள். "அத்தை, பெரியவரு தொட்டிலை நனைச்சிட்டாரு" என்று புருலாய் சொல்லும்போது தெருவே சிரிக்கும், மெச்சவும் செய்யும்.

மதியம் டாக்டர் தமிரா வந்தாள். ரோட்டா என்கிற வைரஸ் என்று முடிவு வந்திருந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு தாவும், இந்த அறையிலேயே நாலு பிள்ளைகளுக்கு அதுதான், யார் கைச் சுத்தத்தையும் குறை சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க ஊர்ப் பதிவேட்டைப் போன்ல கேட்டேன். ரெண்டாம் மாசம் போட வேண்டிய சொட்டு மருந்து போடலையே? போட்டிருந்தா அனேகமா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்ப அதைத் தொடங்குற வயசும் தாண்டிடுச்சு."

"நான் அனுப்பிவெச்சேன் டாக்டர். இவதான் போய்ட்டு மருந்து போடாமலே திரும்பி வந்தா" என்றாள் காலிபா.

அறையிலிருந்த தாய்மார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புருலாய்க்குக் காது சுட்டது.

அன்று கிராமத்து மருந்தகத்தில் புதிதாய் வந்த நர்ஸ் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு பெயர் கேட்டாள். பிறப்புச் சான்று மாமனாரின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேற்றூர்ப் பெண்கள். சொல்லியிருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அவள் "பெரியவரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையின் பெயர் தெரிந்த ஆளாகக் கூட்டி வா என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள். காலிபா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், என் மருமகள் வளர்ப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் ஆடுகள் குட்டி போட்டன, வேலை நெரித்தது, மருந்தகத்தை யாரும் நினைக்கவில்லை.

அந்தப் புகழ்ச்சி புருலாய்க்கு இனித்தது. இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தாள். இப்போது அவளைப் பிடுங்கித் தின்றது அதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பேரு கேட்டாங்க டாக்டர். நான் சொல்லல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உப்புச் சர்க்கரை நீர்க் கிண்ணத்தையும் கரண்டியையும் அவள் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இரு. ரொம்ப அசந்து கிடக்கான், எழுப்பி எழுப்பிக் குடு. பேரு சொல்லிக் கூப்பிடு."

அந்த நேரம் பார்த்து மாமனார் வெள்ளைத் தொப்பியோடு வாசலில் வந்து நின்றார். காலிபா மருமகளின் கையை இறுகப் பிடித்தாள்.

புருலாய் பிள்ளையின் முகத்தருகே குனிந்தாள்.

"ஒரோஸ்பெக்."

பிள்ளை அசையவில்லை. அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்திருப்பான்.

"மாமா நிக்கிறாருடி" என்று காலிபா பல்லைக் கடித்தாள்.

"நிக்கட்டும் அத்தை. ஒரோஸ்பெக், அம்மாடா. ஒரோஸ்பெக்."

எத்தனை முறை கூப்பிட்டாளோ. கடைசியில் இமை மெல்லப் பிரிந்தது. ஒரு கரண்டி உள்ளே இறங்கியது. மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். காலிபாவின் பிடி எப்போது தளர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு வந்தபோது புருலாய் நிமிராமலே சொன்னாள்: "அக்கா, சீட்டுல ஆறாம் கட்டில்னு எழுதினீங்களே, அதை அடிச்சிடுங்க. எம்புள்ளைக்குப் பேரு இருக்கு."