பாதி அறுத்த பலகை

"இன்னொரு தடவை போடுங்க சார்," என்றார் மெஷினை விலைக்குப் பார்க்க வந்தவர்.

வாத்தியார் பொத்தானை அழுத்தினார். இரும்பு மேசையின் நடுவே இருந்த இடுக்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற வட்ட ரம்பம் ஒரு கணம் தயங்கியது. பிறகு பற்களே தெரியாத வேகத்தில் சுழன்றது. கொட்டகை முழுக்க ரீங்காரம் நிறைந்தது. வந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முப்பத்துநாலு வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டிய காதுகள் அவை. கதவைத் தட்டினால் கேட்கும், மணி அடித்தால் கேட்காது. அதனால் வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பினார்.

"சத்தம் எப்படி இருக்கு? நீ சொல்லு. உன் காதுதான் காது."

அவள் தையல்காரி. தன் மெஷினில் ஒரு சொட்டு எண்ணெய் குறைந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். இந்த மேசை ரம்பத்தில் குறை ஒன்றுமில்லை என்பது முதல் தடவை போட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழசுதான். ஆனால் எங்கேயும் பிசிறில்லை. நல்ல துணியில் நல்ல கத்தரி போகிற மாதிரி ஓடியது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உள்ள ஏதோ கடகடங்குதுங்க," என்றாள். "பேரிங் போயிருக்கும்போல."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். தொழிற்பள்ளியில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். மகனோடு போய் இருக்கப்போவதால் பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தார். மறுத்துப் பேசப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ பேசாமல் மெஷினை நிறுத்தினார். அந்த அமைதியில் நிற்க முடியாமல், குடிக்கத் தண்ணீர் கேட்டு அவள் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு ஆண்களும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் கணவர். "வா, போலாம்."

அவள் பொய் சொன்னது ரம்பத்துக்குப் பயந்து. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ஒரு நாள் மத்தியானம் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. வலியைவிட சட்டைப் பொத்தான்தான் அவரை அழவைத்தது. போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. அவள் அண்ணனின் சட்டைகள் அத்தனையிலும் பொத்தானைப் பிரித்துவிட்டு அழுத்துகிற கொக்கி வைத்துத் தைத்தாள். ஒவ்வொரு கொக்கியும் 'டப்' என்று மாட்டும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அண்ணன் போய்ப் பல வருஷமாகியும் அந்த 'டப்' அவள் காதைவிட்டுப் போகவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணவர் பேசிக்கொண்டே வந்தார். வாங்காமல் வந்த வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. அதுவே அவளை உறுத்தியது.

"நான் முதல்ல பண்ணின முக்காலி ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? உக்காந்தா சறுக்குமரம் மாதிரி சாயுமே."

"ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதைச் சரி பண்றேன்னு மத்த ரெண்டையும் அறுத்தேன். அப்புறம் அது ரெண்டும் குட்டை."

"கடைசில அது முக்காலியா, மணையான்னே தெரியல."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் சிரித்தார். மகள் பிறந்த வருஷம்தான் அவருக்கு மரத்தின்மேல் இந்தக் கிறுக்கு பிடித்தது. அச்சகம் விட்டு வந்ததும் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். தொட்டில் செய்தார், அலமாரி செய்தார், மகளுக்குப் படிக்கிற மேசை செய்தார். எல்லாம் உறுதி. எதுவும் நேரில்லை. அலமாரியில் பென்சிலை வைத்தால் இடது பக்கம் உருண்டு விழும். விழுகிற இடத்தில் மகள் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பென்சில் தொலைந்ததே இல்லை. விருந்தாளிகள் சிரித்தால், "எங்க வீட்டுல எல்லாம் ஒரே பக்கம்தான் சாயும். அதுவும் ஒரு ஒழுங்குதான்," என்பார்.

"ஒரு தடவையாவது நேரா அறுத்துப் பாத்துடணும்னு ஆசை. அவ்வளவுதான்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அவள் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு அவர் பின்கட்டுக்குப் போனார். மகள் தன் வீட்டுக்கு நீளமாக ஒரு புத்தகத் தட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்காக வாங்கிய பலகையில் நீளவாக்கில் கோடு போட்டு ஒரு வாரமாகிறது. தோள் வலி என்று தள்ளிப்போட்டிருந்தார்.

"இன்னைக்கு அறுத்தே ஆகணுமா?" என்று அவள் கேட்டாள்.

"மெஷினைப் பாத்துட்டு வந்து கை பரபரங்குது."

அவள் ஒரு சட்டைக் காலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்கட்டிலிருந்து ரம்பத்தின் 'கர்ர்... கர்ர்' வந்தது. அவள் மிதிக்க, அவர் அறுக்க, இத்தனை வருஷமும் அந்த வீட்டின் பொழுதுகள் இப்படித்தான் போயின. இரண்டு சத்தமும் சில சமயம் ஒன்றாகச் சேரும், சில சமயம் விலகும். நடுவில் ரம்பம் நின்றது. ரம்பம் வழுக்கி ஓட அதன் பல்லுக்கு மெழுகு தடவுகிறார் என்று நினைத்தாள். காலரின் வளைவை நடுவில் விட முடியாது. முடித்து, நூலை அறுத்து, திருப்பிப் பார்த்தாள். அப்போதும் சத்தமில்லை.

"என்னங்க?"

அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், களைப்பாறுகிறவர் மாதிரி. மடியில் மரத்தூள். ரம்பம் பலகையின் நடுவில் கடிபட்டு நின்றது. அவள் தோளைத் தொட்டபோது தலை மெல்ல அவள் கைப்பக்கம் சரிந்தது.

தெருமுனை டாக்டர் ஓடிவந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "இதயம்தாம்மா. தூக்கத்துலகூட வந்திருக்கும். யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் தூக்கத்தில் வரவில்லையே. அறுக்கும்போதுதானே வந்தது. மெஷின் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்நேரம் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மகள் வந்து சேர்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், பழைய அச்சகத்துக்காரர்கள் வந்தார்கள். நடுவில் தொலைபேசி அடித்தது. மகள் எடுத்துப் பேசிவிட்டு வந்தாள்.

"யாரோ வாத்தியாராம்மா. அப்பா ஏதோ மெஷினை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாராமே? விஷயத்தைச் சொன்னேன். வீடு எங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

எடுத்து வைக்கச் சொன்னாரா? வேணாம் என்றல்லவா சொன்னார். கேட்க ஆளில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போக வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, வெயில் சாய்கிற நேரத்தில் வாத்தியார் வந்தார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் அது இடது பக்கம் சாய்ந்தது. அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"அவர் பண்ணினதா?"

"ஆமா சார். கொஞ்சம் சாயும்," என்றாள் மகள். "பயப்படாதீங்க, விழாது."

"விழாது, தெரியுது. இணைப்பெல்லாம் அருமையா இருக்கு."

மகள் தேநீர் போட உள்ளே போனாள். அம்மா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சட்டென்று சொன்னாள்.

"உங்க மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். நான் பொய் சொன்னேன்."

"தெரியும்மா."

"உங்க மெஷின், உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமப் போச்சே."

"அவருக்கும் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க தண்ணி குடிக்கப் போனீங்கல்ல? அப்ப இன்னொரு தடவை போடச் சொன்னாரு. மேசை மேல உள்ளங்கையை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டாரு. அச்சகத்துல இப்படித்தான் பாப்போம்னாரு. அப்புறம் சிரிச்சாரு. 'நல்லா இருக்கு சார். என் சம்சாரம் கண்ணாடியைத் துடைக்கிறப்பவே எனக்குத் தெரியும். பொய் சொன்னா துடைப்பா. அவ அண்ணன் விரலை நினைச்சு பயப்படுறா. ஒரு வாரம் யாருக்கும் குடுக்காதீங்க. பேசிப் பேசிக் கரைச்சு, அவ வாயாலயே வாங்கலாம்னு சொல்ல வைக்கிறேன்'னாரு."

அவள் கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. எத்தனை பொய்கள் இருக்கும்? தலைவலி இல்லை என்றது, பசியில்லை என்றது, அலமாரி நேராகத்தான் இருக்கிறது என்று முதல் நாள் சொன்னது. அத்தனையும் தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் "சரி" என்று தலையாட்டியிருக்கிறார்.

மகள் தேநீரோடு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மெஷினை வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு," என்றார் வாத்தியார் மெதுவாக. "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேங்கறாரு. நீங்க வேணும்னா சொல்லுங்க, இங்க அனுப்பி வைக்கிறேன். அவர் சொல்லி வச்சது. உங்களைக் கேக்காம குடுக்க மனசு வரல."

"எதுக்கும்மா?" என்றாள் மகள். "யாரு அறுக்கப் போறா?"

அம்மா யோசித்தாள். பின்கட்டில் அந்த இரும்பு மேசை நிற்பதாக ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள். அதன்மேல் ஒரு துணி போர்த்தி, கொஞ்ச நாளில் அதன்மேல் பழைய பெட்டி ஏறி, செய்தித்தாள் ஏறி.

"கேட்டவருக்கே குடுத்துடுங்க சார். சத்தம் சுத்தமா இருக்குன்னு சொல்லுங்க. ஒரு தையல்காரி கேட்டுச் சொன்னான்னு சொல்லுங்க." எழுந்தாள். "கொஞ்சம் பின்னாடி வாங்க."

பலகை அப்படியே கிடந்தது. வாத்தியார் குந்தி உட்கார்ந்து கடிபட்டிருந்த ரம்பத்தைப் பதமாக ஆட்டி உருவி எடுத்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்துப் பென்சில் கோட்டோரம் வைத்துப் பார்த்தார்.

"கோடு நேராத்தான் போட்டிருக்காரு. மயிரிழை பிசகல. அறுக்கிறப்பதான் கை இடது பக்கம் போயிருக்கு."

"வாங்கறவர் வந்து மெஷினை எடுத்துட்டுப் போறதுக்குள்ள இதை மட்டும் உங்க மெஷின்ல அறுத்துத் தருவீங்களா?"

"தாராளமா. ஒரு விரல் அளவு உள்ள தள்ளி ஓட்டினா, முழுசும் நேராயிடும். அவர் அறுத்த கோணல் தெரியவே தெரியாது."

"வேணாம் சார்," என்றாள் அவசரமாக. "அவர் அறுத்தது அறுத்தபடி இருக்கட்டும். மிச்சத்தை மட்டும் அவர் போட்ட கோட்டு மேல அறுங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தட்டு பாதி வளைந்தும் பாதி நேராகவும் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. "எனக்கு அப்படித்தான் வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

வண்டி பிடித்துத் தருகிறேன் என்று மகள் சொன்னதற்கு வாத்தியார் கேட்கவில்லை. பலகையைத் தோளில் வைத்துச் சமன் பார்த்துக்கொண்டு படியிறங்கினார். பிளந்த பக்கம் பின்னால் நீண்டிருந்தது. அவர் எட்டு வைக்க வைக்க அந்தப் பிளவு மெல்லத் திறந்து மூடியது. தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள். மூலையில் அவர் திரும்பி மறைந்த பிறகும், பலகையின் முனை மட்டும் சற்று நேரம் சுவரோரம் தெரிந்தது. பிறகு அதுவும் மெல்லத் திரும்பியது.