துறவு நோட்டு

என் வீட்டுக்காரர் பத்து நாள் மௌன தியானத்துக்குப் போய்விட்டு வந்தபோது நாலு கிலோ குறைந்திருந்தார். நாலு டன் ஞானம் கூடியிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றபடி, "ஆசைதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர்" என்றார். பத்து நாள் வாயை மூடியிருந்த மனிதர் முதல் முதலாகச் சொன்னது அது. அடுத்துச் சொன்னது, "டீ போடு, சூடா."

போட்டுக் கொடுத்தேன். லாண்டரி கவுண்டரில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்கள்தான், இருந்தாலும் ஞானியே கேட்கிறாரே. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சர்க்கரை குறைவாம்.

"ஆசையை விட்டாச்சுன்னீங்க?"

"இது ஆசை இல்ல. சர்க்கரை குறைவுங்கிறதைக் கவனிக்கிறேன். உள்ளதை உள்ளபடி பார்க்கணும்னு புத்தர் சொல்லியிருக்கார்."

புத்தர் பாவம். அரண்மனையையும் பெண்டாட்டி பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனவர். என் வீட்டுக்காரரால் சர்க்கரை டப்பாவைத் தாண்ட முடியவில்லை.

இவர் முப்பது வருஷமாக ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். சீட்டும் கையெழுத்தும் இல்லாமல் இவர் கையிலிருந்து ஒரு வாஷர் வெளியே போனதில்லை. முதலாளியே வந்து ஸ்க்ரூ கேட்டபோதும், "சீட்டு எங்க சார்?" என்று கேட்டவர். இப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் தியான மண்டபத்தில் ஒரு பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாற்பது நாள், நாளைக்கு ஒரு பொருள். எதைக் கொடுக்கக் கை தயங்குகிறதோ அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். மற்றவர்களாக இருந்தால் கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். இவர் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வரிசை எண், தேதி, பொருள், பொருளின் நிலை, பெற்றுக்கொண்டவர், கையெழுத்து. அட்டையில் பெரிய எழுத்தில் 'துறந்தவை'.

முதல் நாள், கம்பி உடைந்த குடை. இரண்டாம் நாள், நின்றுபோன கைக்கடிகாரம். மூன்றாம் நாள், இடுப்பில் ஏறாத பேண்ட் இரண்டு. எல்லாவற்றையும் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன்தான் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்கா, இதையெல்லாம் நேரா குப்பையில போட்டாப் போதாதா? எனக்கு ரெண்டு நடை மிச்சமாகும்ல?" என்று பாவமாகக் கேட்டார்.

டிவி ரிமோட்டும் அவருடைய இலவம் பஞ்சுத் தலையணையும் நோட்டில் ஏறவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுங்க மேல எனக்குப் பற்றே இல்ல. பற்று இல்லாததை எதுக்குத் துறக்கணும்?"

பதினைந்தாம் நாளோடு அவருடைய ஓட்டை உடைசல் தீர்ந்துபோனது. அப்புறம் என் பொருளில் கை வைத்தார். மிக்ஸியின் உபரி ஜார் போனது. உறை பிரிக்காத படுக்கை விரிப்பு போனது. என் தங்கச்சி கொடுத்த சுவர்க்கடிகாரம் போய், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர்கள் உண்டு. அதற்கு நோட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்கியவர் இவர் ஒருத்தர்தான். சத்தம் போட்டால், "உன் பற்றையும் சேர்த்துத்தானே குறைக்கிறேன்" என்பார், ஏதோ எனக்குப் பதிலாகக் கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் அதே சமயத்தில் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரே பெண். கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. இருபத்தாறு வயதானாலும் எங்களுக்குப் பாப்பாதான். அவளுக்குக் கடல் தாண்டி, விமானத்திலேயே பதினோரு மணி நேரம் போக வேண்டிய ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் அதைச் சொன்ன அன்றைக்கு இவர் கண்ணை மூடிக்கொண்டார். "வர்றது வரும், போறது போகும். எதுவும் நிலையில்ல. போயிட்டு வா பாப்பா" என்றார். பெற்ற மகள் போவதை, ஸ்டாப்பில் நிற்காத பஸ் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கோ ஒரே நினைப்பு. அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் "சந்தோஷம்டி" என்று கன்னத்தைத் தடவினேன். மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போனபோது அவள் ஃபைலைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன்.

திருடினேன் என்று சொல்லாதீர்கள். பத்திரப்படுத்தினேன். லாண்டரியில் பத்து வருஷமாக ஊரார் பாக்கெட்டைத் துழாவிப் பார்த்து வாங்குகிறவள் நான். ஜனங்கள் எதை எங்கே ஒளிப்பார்கள், எங்கே தேடுவார்கள், எந்த இடம் அவர்கள் புத்திக்கே எட்டாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பரண்மேல் ஒரு டின்னர் செட் இருந்தது. கல்யாணப் பரிசு, ஐம்பத்தோரு உருப்படி, ஓரத்தில் தங்கக் கோடு. யாராவது பெரிய மனிதர் சாப்பிட வந்தால் எடுக்கலாம் என்று இருபத்தெட்டு வருஷமாக வைத்திருந்தேன்; அந்தத் தட்டுக்குத் தகுந்த பெரிய மனிதர் யாரும் இதுவரை வந்து சேரவில்லை. அதில் மூடி போட்ட பெரிய கிண்ணம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி அதற்குள் வைத்து, பெட்டியைப் பழையபடி கட்டினேன். மாதம் முடிந்ததும், "அடடே, இங்கதான் இருக்கு!" என்று நானே கண்டெடுத்துக் கொடுப்பதாகத் திட்டம்.

வீடு தலைகீழானது. பாப்பா மெத்தையைப் புரட்டினாள், அழுதாள், மறுபடி புரட்டினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். மற்ற இரண்டு பேரையும்விட நன்றாகவே தேடினேன். "பரண்ல தூசி. உனக்கு மூச்சு வாங்கும், இறங்கு, நான் பார்க்கிறேன்" என்று நானே ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி உதட்டைப் பிதுக்கினேன். நாலாம் நாள் அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள். பேச்சும் குறைந்துபோனது. போகிற ஆசை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். மனசு உறுத்தியது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அவளுக்குப் பிடித்ததாகவே பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டேன்.

இவருடைய துறவுக் கணக்கில் இருபத்து மூன்றாம் நாள், நான் வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போலக் கண் தானாக மேலே போனது. பரண் வெறிச்சென்று இருந்தது. நோட்டைப் புரட்டினேன்.

'எண் 23. டின்னர் செட். 51 உருப்படி. நிலை: உபயோகிக்காதது. பெற்றுக்கொண்டவர்: தியான மண்டபம்.' கையெழுத்து இருந்தது. மேலே ரப்பர் ஸ்டாம்ப் வேறு.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா ஒரு வாய் சோறு பார்க்காத தட்டு. அதைவிடப் பெரிய பற்று இந்த வீட்டுல ஏது?" என்றார், சப்பணமிட்டபடி. "உனக்குள்ள இப்பக் கோபம் எழும்புது பாரு. அதைச் சும்மா கவனி. எழும், நிக்கும், மறையும்."

"அது மறையறதுக்குள்ள நான் உங்களை மறைச்சுடுவேன். நகருங்க."

தியான மண்டபம் என்பது மருந்துக்கடைக்கு மேலே ஒரு நீள அறை. நான் மூச்சிரைக்க ஏறியபோது பதினாறு பேர் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரே பிஸ்கட், அதை இருபது நிமிஷம் கவனித்துச் சாப்பிட வேண்டுமாம். பதினாறு பிஸ்கட்டும் இருந்தது என் தங்கக் கோடு போட்ட தட்டுகளில். நான் பெரிய மனிதருக்கென்று வைத்திருந்ததில் ஒருத்தர் பிஸ்கட் தூளை விரலால் ஒற்றி நக்கினார்.

அங்கே சொல்லிக் கொடுப்பவர் டயர் கம்பெனியில் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி என்றாலும், மாமியார் வீட்டுச் சண்டை என்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "விட்டுடுங்க." அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே 'விட்டுடுங்க சார்'. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. தட்டு ரொம்ப அருமை. அந்தத் தங்கக் கோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தா மனசு அப்படியே அடங்குது."

"அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார். தெரியாமக் கொடுத்துட்டார்."

அவர் முகத்திலிருந்த சாந்தம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. "கொடுத்ததைத் திரும்பக் கேக்கிறதுக்குப் பேர்தாம்மா பற்று. விட்டுடுங்க."

"அப்ப நீங்க விட்டுடுங்களேன்."

கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். பதினாறு பேரும் பிஸ்கட்டை விட்டுவிட்டு எங்களைக் கவனித்தார்கள். "மண்டபத்துப் பொருளை நான் எப்படிம்மா விடறது? அது பொறுப்பு."

தட்டு என்னிடம் இருந்தால் பற்று, அவரிடம் இருந்தால் பொறுப்பு. வேறு நாளாக இருந்தால் அங்கேயே நின்று ஒரு கை பார்த்திருப்பேன். "செட்டை நீங்களே வெச்சுக்கோங்க. மூடி போட்ட கிண்ணத்தை மட்டும் நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றேன். அவர் முகத்தில் சாந்தம் திரும்பி வந்தது. உள்ளே கையைக் காட்டினார்.

உள்ளே அவருடைய மனைவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினாறு பேர் பற்றை விடுவதற்குப் பின்னால் ஒருத்தர் நின்று பாத்திரம் தேய்க்க வேண்டியிருக்கிறது. நான் கிண்ணம் என்று ஆரம்பித்ததுமே அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். என் கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைத்திருந்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமாம்மா. ரெண்டு வாரமாத் தேடறோம். தொலைஞ்சுபோச்சு."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொலைஞ்ச பொருளைத் துணியில சுத்தி, பாத்திரத்துல போட்டு, மூடி வெப்பாங்களா?"

திரும்பிக் குழாயைத் திறந்து அடுத்த கோப்பையை எடுத்தார். நான் படியிறங்கி வந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் சொல்ல வேண்டிய பொய் ஒன்று கைவசம் இருந்தது: லாண்டரிக்கு எடுத்துப்போன பாப்பாவின் கோட்டில் இருந்ததாம். நல்ல பொய்தான், யாரும் நம்புவார்கள். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மூன்று தெரு நடந்தும் அது கீழே இறங்கவில்லை.

வீட்டில் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தேன். கோட்டுக் கதையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்டி எடுத்து ஒளிச்சேன்" என்று வந்தது.

இவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பாப்பா நகரவில்லை. "தெரியும்மா" என்றாள்.

"எப்படி?"

"வீடு முழுக்கத் தேடினோம். பரண்ல மட்டும் நீ யாரையும் ஏற விடல."

"தெரிஞ்சா எடுத்துக்க வேண்டியதுதானே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி!"

"எடுத்திருந்தா நீ வேற எங்கேயாவது ஒளிச்சிருப்பே. கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பே. அந்தப் பொய்யைக் கேட்டுட்டு உன்னை விட்டுப் போக எனக்கு மனசு வரல."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்த வரும். அவள் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். நாலாம் நாளே பாஸ்போர்ட் தொலைந்துபோனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவசரக் கட்டணம் கட்டிப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேற்று அது வந்து, இன்றைக்குக் காலையில் விசாவுக்குப் போய்விட்டது. நான் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டதையெல்லாம் இதற்கு நடுவில்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று இவரைக் கேட்டேன்.

"நீ ஒளிச்சது தெரியாது. தொலைஞ்சுதுன்னுதான் நினைச்சேன். பாஸ்போர்ட் ஆபீசுக்கெல்லாம் நான்தான் கூடப் போனேன்." குரல் உடைந்திருந்தது. "'அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்ப்பா'ன்னா பாப்பா. ஏன்னு நான் கேக்கல." நான் இத்தனை நாள் கிண்டல் செய்த ஞானம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. மேஜையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார். எனக்கு அப்போது அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்கிற நேரமாக அது இல்லை.

பாப்பா பழைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒரு பக்கம் புரட்டினாள். மூடினாள். மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி என் உள்ளங்கையைப் பிரித்து, அதில் வைத்தாள்.

"இது இனிமே செல்லாதும்மா. இதை வெச்சு யாரும் எங்கேயும் போக முடியாது" என்றாள். "நீயே வெச்சுக்கோ."