நான் ஒண்ணும் சொல்லலையே

எமரன்சிக்கு வாய் சுத்தம் என்று ஆரப்பாளையத்தில் அவள் குடியிருக்கும் தெருவே சொல்லும். யாரைப் பற்றியாவது புறணி கிளம்பினால், "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று செபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள். அதனால்தான் அவளை அன்பியத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். அன்பியம் என்றால் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கிற குழு. வாரம் ஒரு வீட்டில் கூட்டம், முடிவில் சுண்டலும் டீயும் உண்டு. தவக்காலம் வந்துவிட்டால் சுண்டல் நின்றுபோகும். டீயை நிறுத்தச் சொல்லும் தைரியம் மட்டும் எந்தச் சாமியாருக்கும் இதுவரை வரவில்லை.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "கறி மீன விடுறது இருக்கட்டும். உங்களுக்குக் கெடுதல் செஞ்சவங்க வீட்டுக்கு நேராப் போங்க. வாயத் தொறந்து மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு வாங்க. ஈஸ்டருக்குள்ள செய்யணும். தனியாப் போகத் தயக்கமா இருந்தா அன்பியத் தலைவியக் கூட்டிக்கங்க" என்றார். கறியை விடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

அந்த வாரக் கூட்டத்தில் எமரன்சி இதை எடுத்துச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஆனால் எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த அற்புதமேரியின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அற்புதத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவளுக்கு மூன்று வருஷமாகப் பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அற்புதத்தின் மகள் ஜெனோவாவுக்குத் திண்டுக்கல்லில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு பேங்க் வேலை. குடும்பமும் நல்ல குடும்பம். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் பையனின் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் விசாரிக்க வந்தாள். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதில் தப்பில்லை. முதலில் தெருமுனை மாவுக் கடையில் விசாரித்தாள். பிறகு எமரன்சியின் வீட்டுப் படி ஏறினாள். ஜெனோவாவுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் என்கிற சடங்கு நடந்தபோது ஞானத்தாயாக நின்றவள் எமரன்சி. ஞானத்தாய் சொன்னால் அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம் என்று நினைத்துத்தான் அந்தம்மா வந்திருந்தாள்.

"நீங்க பாத்து வளந்த பொண்ணு. எப்படிங்க?" என்று கேட்டாள்.

அன்று காலையில்தான் எமரன்சியின் மகள் ரொசிட்டாவை வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. அது மூன்றாவது இடம். ரொசிட்டா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜெனோவாவோ ரொசிட்டாவுக்கு இரண்டு வயது இளையவள். எமரன்சியின் வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

அவள் கோணலாகச் சிரித்தாள். தெருப் பக்கம் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "நல்லா இருக்கட்டுங்க. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நீங்களே இன்னும் நாலு இடத்துல விசாரிச்சுக்கங்க" என்றாள்.

அவ்வளவுதான். அந்தம்மா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாரமே திண்டுக்கல்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம், "நிச்சயம் வரைக்கும் போயி ஏன் நின்னுச்சு?" என்று அதையே கேட்டது. ரொசிட்டாவுக்கு மறு வருஷம் கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூரில் பிள்ளையும் பிறந்துவிட்டது. ஜெனோவா கப்பலூர் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். முப்பது தாண்டிவிட்டது.

கல்யாணம் நின்ற அன்று அற்புதம் ஓடி வந்து எமரன்சியின் மடியில்தான் விழுந்து அழுதாள். "அந்த மாவுக்கடை சின்னத்தாயிதான்கா கெடுத்திருப்பா. போன வாரம்தான சாக்கடைத் தண்ணிக்காக என்கூடச் சண்ட போட்டா. அந்தம்மா அவ கடைல நின்னு பேசுனத நானே பாத்தேன். அவளாத்தானக்கா இருக்கும்?" என்று கேட்டாள்.

எமரன்சி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அற்புதம் சின்னத்தாயின் முகத்தில் முழிப்பதில்லை. இட்லி மாவுக்குக்கூட இரண்டு தெரு தாண்டிப் போய் வருகிறாள்.

எமரன்சி தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்திருக்கிறாள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. அவள் சாட்சியே சொல்லவில்லையே. ஜெனோவாவைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்று உண்டா? கிடையாது. சின்னத்தாயைக் குற்றம் சொன்னாளா? அதுவும் கிடையாது. வழக்கு ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் மார்பில் தட்டிப் பாவ அறிக்கை சொல்லும்போது, சொல்லாலும் செயலாலும் என்கிற வரைக்கும் அவள் குரல் கணீரென்று வரும். கடமையில் தவறியதாலும் என்கிற இடத்தில் மட்டும் இருமல் வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் அற்புதம், பாவம், மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பாள்.

தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கும் எமரன்சி வரிசையில் நின்றாள். "வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன் சாமி. பூசைல பராக்குப் பாத்தேன். செபமாலை சொல்லும்போது தூங்கிட்டேன்" என்றாள். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று சாமியார் கேட்டார். சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் காத்திருப்பது தெரிந்தது. "அம்புட்டுதான் சாமி" என்று மென்று முழுங்கிவிட்டு எழுந்து வந்தாள். மறுநாள் நற்கருணை அப்பம் வாங்க நாக்கை நீட்டியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்தது. புதன்கிழமை சாயங்காலம் அற்புதம் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எமரன்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது.

"அக்கா, கிளம்புங்க. சின்னத்தாயிய மன்னிக்கப் போறேன்."

எமரன்சி வாழைப்பழத்தைப் பார்த்தாள். "இன்னைக்கேவா? பெரிய வெள்ளி முடியட்டுமே" என்றாள்.

"இல்லக்கா. இன்னைக்குத்தான் மனசு வந்திருக்கு. நாளைக்கு இருக்குமான்னு தெரியாது. நீங்கதான சொன்னீங்க, தலைவி கூட நிக்கணும்னு? தனியாப் போனா எனக்கு வாய் தடுமாறும்."

தலைவலி, கால்வலி, வீட்டுக்காரருக்குச் சாப்பாடு என்று எமரன்சி மூன்று சாக்குகளைத் தேடினாள். மூன்றும் அற்புதத்தின் முகத்துக்கு முன்னால் எடுபடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

சின்னத்தாய் கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. அற்புதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏத்தா, வா வா! வழி தெரிஞ்சுச்சா இப்பவாச்சும்? எமரன்சியும் வந்திருக்கியா? உக்காருங்க ரெண்டு பேரும்."

அற்புதம் உட்காரவில்லை. மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "அக்கா, எம்மக கல்யாணம் நின்னதுக்கு நீங்கதான் காரணம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆண்டவரை நெனச்சு நான் உங்கள மன்னிச்சிட்டேன். இனிமே என் மனசுல ஒண்ணும் கிடையாது." பழத்தை நீட்டினாள்.

சின்னத்தாய் பழத்தை வாங்கவில்லை. கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள்.

"என்னது? எதுக்கு மன்னிச்ச?"

"அந்தத் திண்டுக்கல்லம்மாகிட்ட நீங்க சொன்னது..."

"என்னாத்தா சொன்னேன்? இந்தத் தெருவுலயே அம்புட்டுத் தங்கமான புள்ள கிடையாது, கண்ண மூடிட்டுக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். எம்பேரன் மேல சத்தியமாச் சொல்றேன். நாஞ்சொன்னதக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டுத்தான் அந்தம்மா போச்சு." சின்னத்தாயின் குரல் உடைந்தது. "மூணு வருசமா மாவு வாங்காமப் போறியே, சாக்கடைச் சண்டைக்கா இம்புட்டு வைராக்கியம்னு நெனச்சேன். இதுக்கா? பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தவன்னு நெனச்சா என்னையத் தாண்டிப் போன? இப்ப மன்னிக்க வேற வந்திருக்க?"

அற்புதம் குழம்பிப்போய் எமரன்சியைப் பார்த்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

எமரன்சிக்குத் தப்பிக்க வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைத்தான் முதலில் பிடித்தாள். "விடு அற்புதம். போனது போகட்டும். ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்றாள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! கூட்டத்தில் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள்.

"போகட்டும்னா எப்படி?" சின்னத்தாய் விடவில்லை. "நான் செஞ்சதாவுல்ல ஆயிரும்? செய்யாததுக்கு நான் ஏன் மன்னிப்பு வாங்கணும்?" மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் மாவானது.

அறுபது வயசுப் பெண்பிள்ளை மாவு ஒட்டிய முகத்தோடு, எமரன்சி செய்த வேலைக்காக நின்று அழுகிறாள். எமரன்சியால் அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சின்னத்தாயி சொல்லல" என்றாள். "நான்தான்."

"என்ன சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" அற்புதம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலைன்னா..."

"பொண்ணு எப்படின்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, நாலு இடத்துல விசாரிச்சுக்கங்கன்னேன்."

அற்புதத்துக்கு அது உள்ளே போக ஒரு நிமிஷம் ஆனது. அதற்கு மேல் ஆகவில்லை. பெண்ணைப் பெற்ற எவளுக்கும், ஞானத்தாய் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

"ஏன்கா?"

"அன்னைக்குக் காலைலதான் ரொசிட்டாவ வேணாம்னுட்டாங்க. எனக்குத் தாங்கல அற்புதம். உம்மக மொதல்ல போயிருவாளேன்னு தாங்கல."

அற்புதம் சின்னத்தாய் பக்கம் திரும்பி, அந்த மாவுக் கையையே பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் என்னைய மன்னிக்கணும்" என்றாள். சின்னத்தாய், "போடி கூறுகெட்டவளே" என்று அழுதுகொண்டே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எமரன்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை உட்காரச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அற்புதம் தெருவுக்கு இறங்கியதும் எமரன்சி பின்னால் ஓடினாள். "அற்புதம், நில்லு. என்னைய மன்னிச்சிரு. உன் கால்ல வேணாலும் விழுறேன்."

அற்புதம் நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று எமரன்சிக்கு இருந்தது. அவளோ களைத்துப்போன குரலில் பேசினாள்.

"சின்னத்தாயக்காவ மன்னிக்கிறதுக்காக இந்தத் தவக்காலம் பூரா முழங்கால்ல நின்னேன்கா. மொத வாரம் அவங்க பேரச் சொல்லிச் செபிக்கவே வாய் வரல. அழுது, ஆண்டவரோட சண்ட போட்டு, நேத்து ராத்திரிதான் மனசு இளகுச்சு. அம்புட்டும் தப்பே செய்யாத பொம்பளைக்குப் போயிருச்சு. உங்களுக்காக நான் இன்னும் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் கூடச் சொல்லல. திடீர்னு கேட்டா எங்கருந்து எடுத்துத் தருவேன்?"

எமரன்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அதுவும் போக, நான் மட்டுமா மன்னிக்கணும்? வாழ்க்கை ஜெனோவாவோடது. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லலைன்னாலும் சொல்ல மாட்டேன். உங்கமேல உசிரையே வச்சிருக்கா." அற்புதம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினாள்.

எமரன்சி தன் வீட்டு கேட் வரைக்கும் போனாள். உள்ளே போய்விடலாம். அற்புதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். சின்னத்தாயையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்குப் பெரிய வியாழன், கோயிலில் ஆயிரம் வேலை கிடக்கிறது. சும்மா இருந்தால் போதும், ஜெனோவாவுக்குக் கடைசி வரை தெரியாது. சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்த கலைதானே. அதை நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. திரும்பித் தெருமுனைக்கு நடந்தாள்.

கம்பெனி வேன் வந்து நின்றது. ஜெனோவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். "என்ன பெரியம்மா, இங்கிட்டு நிக்கிறீங்க? அம்மாவுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"அம்மா நல்லா இருக்கா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வீட்டுக்குப் போயிப் பேசுவோம், வாங்க. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?" ஜெனோவா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டேன் தாயி. இங்கயே சொல்லிடுறேன்."

ஜெனோவா சிரித்தாள். "சரி, சொல்லுங்க."

எமரன்சி சொன்னாள். திண்டுக்கல்லம்மா படியேறி வந்ததிலிருந்து தொடங்கினாள். பாதியில் ஜெனோவாவின் கை அவள் முழங்கையிலிருந்து விலகியது. எமரன்சி நிறுத்தவில்லை. மீதியையும் சொன்னாள்.