கடைசிப் பெயர்

ஏலக்காய் பறிக்கும் காலத்தில், போடிநாயக்கனூரிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப்பில் எந்தப் பெண் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கங்காணி கன்னையனின் பெயர் நோட்டு முடிவு செய்தது. காலை ஆறு மணிக்கு அவன் நோட்டைப் பிரித்து வாசிப்பான். முதலில் அழைக்கப்பட்டவள் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்காருவாள். எதிரெதிராக இரண்டு நீளப் பலகைகள். அவற்றுக்கு நடுவே தரையில் ஒரு வரிசை. எல்லாம் நிரம்பிய பிறகு, வலப்புறப் பலகையில் ஓர் ஆளுக்கும், அதன் நுனியில் கங்காணிக்கும் மட்டுமே இடம் எஞ்சும். அந்த ஓர் ஆள், கடைசிப் பெயருக்கு உரியவள்.

ஜீப்பின் பின்புறத்துக்குக் கதவு கிடையாது. எனவே கன்னையன் இடக்கையால் மேற்கம்பியைப் பிடித்துக்கொள்வான். வலக்கைக்கு வேலை இல்லை. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அந்தக் கை பக்கத்தில் இருப்பவளின் தொடைக்கு வரும். அங்கிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும். சாய்ந்ததைக் காரணமாக வைத்துக் கை மேலும் நகரும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில், பன்னிரண்டு நாள்கள் தொடர்ந்து கடைசியாக வாசிக்கப்பட்ட பெயர் சோலையம்மாள்.

அவளுக்கு வயது இருபத்தாறு. முதல் நாளே கணவன் வீரணனிடம் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பதினெட்டுப் பேரு போறீக. ஒன்னைய மட்டும் ஏன் பக்கத்துல கூப்பிடுறான்?" என்று கேட்டான். அதன் பிறகு அவள் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலையை விட முடியாது. மலைக்கு ஆள் ஏற்றும் மற்ற கங்காணிகள், இன்னொருவன் நோட்டில் உள்ள பெயரைத் தங்கள் நோட்டில் எழுதுவதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு.

பக்கத்து வீட்டு மொக்கம்மாளும் அதே ஜீப்பில் போகிறவள். அவளிடம் சோலையம்மாள், "நாளைக்குச் சத்தம் போடப் போறேன்" என்றாள்.

"போடு. போட்டா ஒன்னைய எறக்கி விட்டுட்டு வேற ஒருத்தி பேரக் கடைசியா வாசிப்பான். எம் மகளும் இதே ஜீப்புலதான் வர்றா. அவளுக்குப் பதினாறு வயசு. அவ பேரு கடைசியா வந்துச்சுன்னா ஒன்னையத்தான் வந்து கேப்பேன்."

"அப்ப நான் சகிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

"போன வருசம் நான் சகிச்சேன். நீ எனக்காக என்னத்தப் பேசுன?"

போன வருடம் சோலையம்மாள் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள். பின்னால் நடந்ததைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் ஊர்ச் சுவர்களில் ஒரு சுவரொட்டி இருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில், மாதர் சங்கத்தின் சார்பில், பெண்களுக்கான தற்காப்புக் கலைகள் அறிமுக விழா. சிலம்பம், கராத்தே, களரி என மூன்று கலைகள், மூன்று ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஜீப் போகாது. சோலையம்மாள் மொக்கம்மாளையும் இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மூன்று ஆசிரியர்களும் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். ஊரில் மாணவர்கள் குறைவு; ஒருவரிடம் சேர்ந்தவன் மற்றவரிடமிருந்து பிரிந்து வந்தவனாகவே இருப்பான்.

முதலில் சிலம்ப வாத்தியார் ராக்கையா வந்தார். அறுபது வயது. மண்ணைத் தொட்டு வணங்கி, நான்கு திசைக்கும் கம்பால் சலாம் வைத்தார். கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்றும், கையை விடக் காலடிதான் முக்கியம் என்றும், காலடி தப்பினால் கம்பு தன் தலையில்தான் விழும் என்றும் விளக்கினார். பிறகு சுழற்றினார். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இந்தா, இந்தச் சுத்துக்குள்ள பத்தடிக்கு ஒரு ஈ வராது" என்றார்.

"கம்ப வீட்டுல வச்சிட்டு வந்த அன்னைக்கு ஈ மொய்க்குமாண்ணே?" என்றான் ஓரத்தில் நின்ற பேச்சிமுத்து.

பேச்சிமுத்து சென்னையில் ஆறு ஆண்டுகள் கராத்தே பயின்று, கறுப்பு பெல்ட்டுடன் திரும்பி, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டிருந்தான். வெள்ளை உடையில் வந்து இடுப்பை மடக்கி வணங்கினான். கால்களை அகட்டி நிலை கொள்வது, வரும் அடியை முன்கையால் தடுப்பது, இடுப்பிலிருந்து கைமுட்டியைத் திருகி விடுவது, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுப்பது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து காட்டினான். கடைசியாக ஆறு ஓடுகளை அடுக்கி ஒரே வெட்டில் உடைத்தான்.

"யாரு வீட்டுக் கூரை மாப்ளே அது? மழை வரப்போகுது" என்றார் ராக்கையா.

மூன்றாவதாகத் தவசி. தொடுபுழைப் பக்கம் ஓர் ஆசானிடம் எட்டு ஆண்டுகள் இருந்தவர். பேச்சிலும் பாதி அந்தப் பக்கத்துப் பேச்சு. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, தரையோடு தாழ்ந்து பன்றிபோலப் பதுங்கி, யானைபோல நிமிர்ந்து, ஆள் உயரத்துக்கு எகிறினார். "ஆத்யம் மெய்யி. பின்னே கம்பு. பின்னே வாளு. வெறுங்கை ஏற்றவும் ஒடுவில்" என்றார். முதலில் உடம்பைப் பழக்க வேண்டும், வெறுங்கைச் சண்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் என்பது அதன் பொருள்.

"வெறுங்கை வர்றதுக்குள்ள எதிராளி ஊரு போய்ச் சேந்துருவான்" என்றான் பேச்சிமுத்து. தவசி அவனைப் பார்த்துத் தரையில் துப்பினார்.

சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்று சங்கத்துச் செயலாளர் அறிவித்தார். சோலையம்மாள் எழுந்து நின்றாள்.

"ஒக்காந்திருக்கயில வந்தா என்ன செய்யிறது? ரெண்டு பக்கமும் ஆளு. முழங்கால நீட்ட முடியாது. எந்திரிச்சா தல இடிக்கும்."

கூட்டம் சிரித்தது. ஜீப்பில் வரும் பெண்கள் நால்வர் அங்கே இருந்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை.

"மொதல்ல எந்திரிக்கணும்மா. நிலை இல்லாம அடி இல்ல" என்றான் பேச்சிமுத்து.

"எந்திரிக்க எடமில்லன்னுதான சொல்றேன்."

"கம்பு சுத்த எடமில்லாத எடத்துல பொம்பளைக்கு என்ன சோலி?" என்றார் ராக்கையா.

தவசி, "அங்ஙனத்த எடத்துல நீ எந்தினா போற?" என்று, ஏன் போகிறாய் எனக் கேட்டார். பேச்சிமுத்துவும் தலையாட்டினான். மூவரும் அன்று ஒத்துப்போனது அந்த ஒரு கருத்தில்தான்.

சோலையம்மாள் உட்கார்ந்தாள். மொக்கம்மாள் அவள் காதருகில், "கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டயா? எந்திரி, போவோம்" என்றாள். சோலையம்மாள் எழவில்லை. அதற்குள் மேடையில் நன்றியுரை தொடங்கியிருந்தது.

நாற்காலிகளில் விருந்தினர்கள் அமர்ந்துவிட்டதால், மூன்று ஆசிரியர்களையும் பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்றில் நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் ராக்கையா. பேச்சிமுத்து தன் முழங்கையால் அவர் விலாவை இடித்து இடம் பிடித்தான். பிறகு குனிந்து, "ஒங்கிட்ட மிச்சம் இருக்குற ஆறு பயலுகளும் அடுத்த மாசம் என் கொட்டகையில இருப்பானுக, பெருசு" என்றான். முன்வரிசைக்கு அது தெளிவாகக் கேட்டது.

ராக்கையா அவன் பக்கம் திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டார். முன்வரிசையின் தாழ்விலிருந்து சோலையம்மாள் பார்த்தாள்: துண்டின் விளிம்புக்கு அடியில் அவர் கை பேச்சிமுத்துவின் கையைத் தேடிப் போயிற்று. சுண்டுவிரலை மட்டும், அதன் அடிமூட்டில் பற்றினார். பின்பக்கமாக வளைத்துத் தம் முழங்காலோடு சேர்த்து அழுத்தினார். அவ்வளவுதான். ஆறு ஓடுகளை உடைத்தவன் அசையவில்லை. அவன் எழ முயன்றபோது விரல் மேலும் வளைந்தது, உடனே உட்கார்ந்துவிட்டான். நெற்றியில் வியர்வை அரும்பியது. நன்றியுரை முடிய ஆறேழு நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ராக்கையா செயலாளரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் சோலையம்மாள் அவரிடம் போனாள். "மேடையில ஒக்காந்தே ஒண்ணு செஞ்சீகளே. அது என்னய்யா?"

"எது?"

"வெரலப் புடிச்சீக."

"அது வித்தையில சேராது. வித்தைன்னா நின்னு, வணங்கி, வெளிச்சத்துல செய்யிறது. இது ஈனத்தனம்" என்றார் ராக்கையா. "ஒனக்குச் சொல்லித்தர மாட்டேன். போ."

அவள் போனாள். அவர் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை.

வீட்டு வாசலில் மொக்கம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கையக் கொண்டா" என்றாள். முதல் தடவை முழுக் கையையும் பிடித்தாள். மொக்கம்மாள் எளிதாக உருவிக்கொண்டாள். இரண்டாம் தடவை இரண்டு விரல்களைப் பிடித்தாள், அதுவும் நழுவியது. மூன்றாம் தடவை சுண்டுவிரலின் அடிமூட்டை மட்டும்.

"விடுடி, சனியனே. உசுரு போகுது" என்றாள் மொக்கம்மாள். விட்ட பிறகு விரலைத் தேய்த்துக்கொண்டே, "புடிச்சிருவ. அப்புறம்? அவன் எறங்கி நோட்டுல ஒம் பேர அடிச்சிருவான். மறுநாளு வேற ஒருத்தி" என்றாள்.

"நடுவுல விட்டாத்தான. நான் விடப் போறதில்ல."

திங்கட்கிழமை காலை கன்னையன் பதினெட்டுக்குப் பதிலாக இருபத்தொரு பெயர்களை வாசித்தான். காய் முற்றிவிட்டது; இரண்டு நாள் தாமதித்தால் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும். கூடுதல் ஆள் ஏறியதில் அவனுக்கு மகிழ்ச்சி. நெருக்கம் கூடினால் பக்கத்தில் இருப்பவள் நகர முடியாது என்பதை மட்டும் அவன் யோசித்திருந்தான்.

"சோலையம்மா" என்று கடைசியாக வாசித்தான்.

அவள் ஏறி உட்கார்ந்து, பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கை எடுத்து மடியில் விரித்தாள். முந்தல் சாவடி தாண்டியது. சாக்குக்கு அடியில் கை வந்தது.

அவள் அதை வரவிட்டாள். முதல் வளைவுக்கு முன்பாகவே சுண்டுவிரலின் அடிமூட்டைப் பற்றி, பின்னால் வளைத்து, தன் முழங்காலில் அழுத்தினாள்.

கன்னையன் கையை இழுத்தான். வரவில்லை. இடக்கையால் அவளை அறைய நினைத்திருக்கலாம். ஆனால் இடக்கை கம்பியில் இருந்தது, கம்பியை விட்டால் அவன் வளைவில் பள்ளத்துக்குள் போவான். எழுந்து நிற்கவும் இடமில்லை. இருபத்தொரு பேரை ஏற்றியவன் அவனேதான்.

மூன்றாம் வளைவு கடந்ததும், "விடு" என்றான் மெதுவாக.

"கங்காணி, ரோட்டப் பாருங்க."

"மேல போனதும் பேரடிச்சிருவேன். ஒனக்கு இந்த மலையில சோலியே இருக்காது."

"மேல போகட்டும். இன்னும் பதினாலு வளவு இருக்கு."

வண்டி சாயும்போதெல்லாம் பலகையில் இருந்தவர்களின் பாரம் முழுவதும் அவள் மேல் வந்தது. அவள் அதை அப்படியே அவன் விரலுக்குக் கொடுத்தாள். இத்தனை நாள் எந்தச் சாய்வு அவனுக்கு உதவியதோ அதே சாய்வு. ஆறாம் வளைவில் அவன் "ஆத்தா" என்றான். எதிர்ப் பலகையில் இருந்த மொக்கம்மாள் சாக்கைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னதான் வேணும் ஒனக்கு?"

"நாளையிலருந்து நீங்க முன்னாடி, டிரைவர் பக்கத்துல ஒக்காரணும். எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன், தேவிடியா."

பதினொன்றாம் வளைவில் சாக்குக்கு அடியில் சுள்ளி ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. போடிமெட்டில் ஜீப் நின்றபோதுதான் விட்டாள். அவள் கேட்ட வார்த்தையை அவன் கடைசி வரையில் சொல்லவில்லை.

டிரைவர் வெள்ளைத்துரை இறங்கி வந்து, "என்னண்ணே வெரலு?" என்று கேட்டான்.

"பலகை இடுக்குல நசுங்கிருச்சு" என்றான் கன்னையன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை அவன் வலக்கையில் கட்டுடன் வந்து, நோட்டை இடக்கையில் பிடித்து வாசித்தான். இருபது பெயர்கள். சோலையம்மாள் என்ற பெயர் அதில் இல்லை. கடைசிப் பெயர் மொக்கம்மாளின் மகளுடையது.

அந்தப் பெண் ஏறப் படியில் கால் வைத்தாள். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் எழுந்து, குனிந்தபடி எல்லார் முழங்கால்களையும் மிதித்துக்கொண்டு பின்னால் வந்து, மகளை உள்ளே தள்ளிவிட்டு, கடைசி இடத்தில் தான் உட்கார்ந்தாள். பிறகு சோலையம்மாளின் கையைப் பிடித்து மேலே இழுத்து, நுனியில், கங்காணியின் இடத்தில் உட்கார வைத்தாள்.

"அவ பேரு நோட்டுல இல்ல. எறங்கு" என்றான் கன்னையன். இழுத்துவிடக் கையை நீட்டினான். நீட்டிய கை எது என்பது பாதியில் நினைவுக்கு வந்தது, மடக்கிக்கொண்டான்.

"நோட்டுல எழுதிக்கங்க" என்றாள் மொக்கம்மாள். "இல்லன்னா நாங்க எல்லாரும் எறங்குறோம். காயி வெடிக்கட்டும்."

அவன் உள்ளே பார்த்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. பலகைகளிலும் தரையிலும் இருந்தவர்கள் தங்கள் சாக்குகளை மடியில் விரித்து, கைகளை அவற்றுக்கு அடியில் வைத்திருந்தார்கள். எந்தக் கையும் வெளியே தெரியவில்லை.

கன்னையன் நோட்டில் ஒரு பெயரை இடக்கையால் கோணலாக எழுதினான். பிறகு ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.