சும்மா இருக்க வேண்டியவர்கள்

1

அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் இருந்தவர்கள்:

இயன்முறை மருத்துவம் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, கழுத்தில் ஸ்டாப்வாட்சுடன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவர் மனைவி. பல் டாக்டர் ஒருவர், அவரும் ஓய்வுதான். அதே குடியிருப்பின் மற்ற பெரியவர்கள் சிலர். யாராவது சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அந்த மாணவியிடமிருந்து கிடைத்தது. ஒரே வகுப்பில் சேர்ந்தோம். எனக்கு அந்தப் படிப்பு ஒத்துவரவில்லை, நின்றுவிட்டேன். இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவள் வேறெங்கோ போகிற பேருந்துக்காக நிற்பாள். அங்கேதான் சொன்னாள், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"எழுதணும்னா எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதே."

முதல் தொடக்கம்: "மனித வாழ்வே ஒரு சமநிலை அன்றி வேறென்ன…" [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.]

இரண்டாவது: "மழை தூறிக்கொண்டிருந்தது." [தூறவில்லை. அவளிடம் கேட்டேன்.]

மூன்றாவது நீங்கள் படித்தது.

2

ஆராய்ச்சி எளிமையானது. பெரியவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு தினமும் சில பயிற்சிகள் செய்யும்: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துவது, ஒரு கோட்டின் மேல் அடிமேல் அடி ஒட்டி நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. இன்னொரு குழு எதுவும் செய்யாமல் எப்போதும் போல இருக்கும். தொடக்கத்தில் ஒரு தடவை, சில வாரங்கள் கழித்து மறுபடி ஒரு தடவை, எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்க வைத்து நேரம் பார்ப்பது. முதல் குழு அதிக நேரம் நின்றால், பயிற்சியால் பலன் உண்டு என்று எழுதலாம்.

நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வம்பில்லாத தலைப்பு என்றுதான் வழிகாட்டி மேடம்* இதைக் கொடுத்தார். இது தேறினால் பட்டம். பட்டத்தோடு வந்து சேரச் சொல்லி ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை வைத்திருந்தது. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும், வேலை அதுவரை காத்திருக்காது.

(* மேடத்தை வில்லியாக்க முயன்றேன். பென்சிலால் மேசையைத் தட்ட வைத்தேன். எடுபடவில்லை. அவர் எல்லோர் மேலும் ஒரே அளவு எரிந்து விழுபவர். அதை வில்லத்தனம் என்று சொல்ல முடியாது.)

சீட்டுக் குலுக்கினாள். வேன் ஓட்டிய அம்மா பயிற்சிக் குழுவில் விழுந்தார். மெக்கானிக்கும் பல் டாக்டரும் சும்மா இருக்கும் குழுவில்.

"நான் என்னம்மா செய்யணும்?" என்றார் மெக்கானிக்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அங்கிள். சும்மா இருங்க."

"சும்மான்னா?"

"எப்பவும் போல."

"அவர் எப்பவுமே சும்மாதாம்மா இருக்கார்," என்றார் மனைவி. "சரியான ஆளாத்தான் பிடிச்சிருக்கே."

ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பிரித்து இரண்டு குழுவில் போடக்கூடாது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவள் படித்துமிருந்தாள். ஆனால் குலுக்கிய சீட்டை மாற்றுவது பித்தலாட்டம் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். தவறு அங்கேதான் நடந்தது. நேர்மையாக இருக்கப் போய் நடந்தது என்பதால் அவளுக்கு அது தெரியவே இல்லை.

3

மெக்கானிக்கை நான் கொஞ்ச நாள் நம்பவில்லை. வேலைக் காலமெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இரும்பு விட்டத்தின் மேல் நின்றவர் என்றாள். உடனே எனக்குக் கை துறுதுறுத்தது. பழைய விபத்து ஒன்று, ஊன்றுகோல் ஒன்று, அந்தி வெளிச்சம் கொஞ்சம்…

"அவர் எப்பவுமே விழுந்ததில்லை," என்றாள். "நீ எழுதறதுக்காக யாரையும் தள்ளிவிடாதே."

ஊன்றுகோலை எடுத்துவிட்டேன். அந்தி வெளிச்சத்தையும்.

4

மறுபடி சோதனை வைத்த நாள். பயிற்சிக் குழு முதலில் நின்றது. நல்ல முன்னேற்றம். வேன் ஓட்டிய அம்மா எல்லோரையும்விட அதிக நேரம் நின்று, வண்டியை ஓரம்கட்டுவது போல நிதானமாகக் காலை இறக்கினார். மாணவிக்கு உள்ளுக்குள் பட்டமளிப்பு விழா நடந்தது.

அடுத்து சும்மா இருக்கும் குழு.

பல் டாக்டர் ஒரு காலைத் தூக்கினார். ஈறு வீக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். வீக்கம் வடிந்தது, பல்லைப் பிடுங்கினார், புதுப் பல் கட்டினார், கால் கீழே வரவில்லை.

மெக்கானிக் ஒற்றைக் காலில் நின்று, கைகளைக் கட்டி, யாரும் கேட்காமலேயே கண்களையும் மூடிக்கொண்டார்.

மாணவி ஸ்டாப்வாட்சை உதறிப் பார்த்தாள். காதில் வைத்துக்கூடப் பார்த்தாள்.

"போதும் அங்கிள், இறக்குங்க."

"இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

5

மிரட்டவெல்லாம் தேவைப்படவில்லை. பெருமையாகவே சொன்னார்கள். மனைவி வீட்டுக் கூடத்தில் செய்த பயிற்சிகளை மெக்கானிக் சமையலறை வாசலில் நின்று பார்த்துக் கற்றிருக்கிறார். பிறகு காலை வேளையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அருகே தன் குழு முழுவதற்கும் வகுப்பு எடுத்திருக்கிறார். லேசாக இருந்ததால் கண்ணை மூடுவது, தலையைத் திருப்புவது எல்லாம் அவரே சேர்த்தது.

"எதுக்கு அங்கிள்? சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்?"

"சொன்னே. எங்களுக்குப் புரியாதா? தேறுற பசங்களை ஒரு பக்கம், தேறாத பசங்களை ஒரு பக்கம் உட்கார வெச்சுட்டே. நாங்க எல்லாரும் ஃபெயிலானா உன் மார்க்கு என்ன ஆகும்?"

"பாதி கிளாஸ் ஃபெயில்னா டீச்சருக்குத்தானே கெட்ட பேரு," என்றார் பல் டாக்டர்.

மாணவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காகத்தான். எல்லாம் அவளுக்காகத்தான். அன்பினால் ஓர் ஆராய்ச்சியை இதைவிடச் சுத்தமாகக் கெடுக்க முடியாது.

மனைவி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"துணி காயப்போடன்னு தினமும் மேலே போனது இதுக்குத்தானா?"

"துணியும் காயப்போட்டேன்."

"நம்ம வீட்டுல துவைக்காத அன்னிக்கும் போனீங்க."

மனைவி மாணவி பக்கம் திரும்பினார்.

"உன் மார்க்குக்காக இல்லம்மா. என்னை ஜெயிக்கறதுக்காகப் பண்ணியிருக்கார் இந்த மனுஷன்."

(எது உண்மை என்று நான் முடிவு செய்யவில்லை. இரண்டுமாக இருக்கலாம். எங்கள் வீட்டிலும் யாரும் ஒரே காரணத்துக்காக எதையும் செய்ததில்லை.)

6

சும்மா இருந்தவர்களும் இப்படி நின்றால் பயிற்சியால் பலன் என்று எழுத முடியாது என்று அவள் சொன்னாள். விஷயம் விளங்கியதும் பெரியவர்கள் பதறிப்போனார்கள். கூடிக் குசுகுசுத்தார்கள். பிறகு மெக்கானிக் தீர்வோடு வந்தார்.

"திரும்ப டெஸ்ட் வை. நாங்க தள்ளாடிக் காட்டறோம்."

அவள் உடனே மறுக்கவில்லை. நல்லவளாக ஆக்காதே என்றாளே, இந்த இடத்துக்காகத்தான். மேடத்துக்குத் தெரிய வழியே இல்லை. வேலை காத்திருக்கிறது. "சரி, ஒரு தடவை பார்க்கலாம்," என்றாள்.

ஒத்திகை. பல் டாக்டர் காலைத் தூக்கினார், நெற்றியில் கை வைத்தார், "ஐயோ" என்று சுழன்று நாற்காலியில் சரிந்தார்.

"கால் தடுமாறின மாதிரி இல்லை, துப்பாக்கியால சுட்ட மாதிரி இருக்கு," என்றார் வேன் ஓட்டிய அம்மா.

அடுத்து மெக்கானிக். மனைவி எதிரில் வந்து, தானும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ம், விழுங்க. பார்க்கறேன்."

"முதல்ல நீ இறக்கு."

"நான் எதுக்கு இறக்கணும்? தள்ளாட வேண்டியது நீங்க."

"நீ பார்த்துக்கிட்டு நின்னா எப்படித் தள்ளாடறது?"

"அது உங்க பாடு."

இருவரும் அசையவில்லை. முகத்துக்கு நேர் முகம். மெக்கானிக்குக் கணுக்கால் நடுங்கியது, நிஜமாகவே. விழுவதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்து நின்றார்.

அப்போது அவள் உணர்ந்தாள், உண்மை என்பது எப்போதும்… [இல்லை. அவள் அப்படி எதையும் உணரவில்லை. 'இந்த ஆள் செத்தாலும் காலை இறக்கமாட்டார்' என்று தோன்றியதாம். பசித்ததாம்.]

"ரெண்டு பேரும் காலை இறக்குங்க," என்றாள். "நடந்ததை நடந்தபடியே மேடத்துக்கிட்ட சொல்லிடறேன்."

யாரும் இறக்கவில்லை. யார் முதலில் என்ற பிரச்சினை இருந்தது.

7

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) மேடம் கண்கலங்கி, "இதுதான் அசல் கண்டுபிடிப்பு" என்று அணைத்துக்கொள்கிறார். [மேடம் யாரையும் அணைத்ததில்லை.]

ஆ) இன்னொரு வருஷம். வேலை போகிறது. அவள் ஜன்னல் வழியாக… [என் சோகத்தை அவள் தலையில் கட்டுகிறேன்.]

இ) கடைசி நிமிஷத்தில் அவள் பொய் சொல்லித் தேறிவிடுகிறாள். [இதைத்தான் நான் செய்திருப்பேன். அதனாலேயே நம்பமுடியவில்லை.]

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் கல்லூரி நடைக்கூடத்தில் மேடத்தின் அறை வாசலில் அவள் நின்றபோது, கூப்பிடாமலேயே மெக்கானிக், மனைவி, பல் டாக்டர் மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

"நாங்க உள்ளே வந்து விளக்கமா சொன்னா மேடத்துக்குப் புரியும்," என்றார் மெக்கானிக். "வேணும்னா நின்னு காட்டறேன்."

"வேணாம் அங்கிள்."

"நீ சின்னப் பொண்ணு. பயந்துடுவே."

"பயமாத்தான் இருக்கு. ஆனா சீட்டுக் குலுக்கினது நான். உங்களைப் பிரிச்சு வெச்சது நான். நான்தான் சொல்லணும்."

உள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது. "யாரது வெளியே, சந்தைக்கடை மாதிரி? வர்றவங்க யாரோ வந்து தொலைங்க!"

மனைவி மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பல் டாக்டர் வாழ்த்துச் சொல்வதா அனுதாபம் சொல்வதா என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினார்.

உள்ளே என்ன நடந்தது என்று அவளிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அவள் வெளியில் இருந்தவர்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. "அது எனக்கும் மேடத்துக்கும் நடுவுல," என்பாள், பேருந்து வந்துவிடும். ஆகவே நானும் நீங்களும் அந்த மூவரோடு நடைக்கூடத்தில்தான் நிற்க வேண்டும். பெஞ்சு ஒன்று கிடக்கிறது. உட்கார்ந்து, மேடம் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், கதவைத் தள்ளி உள்ளே போனாள். சட்டையை விடுவித்துக்கொண்டு பின்னாலேயே நுழையப் பார்த்த மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.